பத்துக்கு மூன்று வாங்கிய பள்ளி

அமெரிக்காவில் வீடு வாங்கப்போகும் தமிழ்க் குடும்பம், வாசல் கிழக்கு பார்த்திருக்கிறதா என்று கேட்பதற்கு முன்பே பள்ளியின் ரேட்டிங்கைப் பார்த்துவிடுகிறது. வீட்டு விற்பனை விளம்பரத்தில் படுக்கையறை எண்ணிக்கைக்குக் கீழேயே, அந்த முகவரிக்குரிய அரசுப் பள்ளிகளும் ஒன்று முதல் பத்து வரை அவை வாங்கியிருக்கும் எண்ணும் போட்டிருக்கும். ஒன்பதோ பத்தோ வாங்கிய பள்ளி இருக்கும் பகுதியில் வீட்டு விலையே தனி. அந்த விலையைக் கொடுத்து, முப்பது ஆண்டுக் கடனையும் தலையில் ஏற்றிக்கொண்டு குடியேறிய பிறகு, எட்டாம் வகுப்பு முடிக்கப்போகிற பிள்ளை ஒருநாள் "எனக்கு அந்தப் பெரிய ஸ்கூல் வேண்டாம்" என்கிறது. அதே ஊரில், அதே பள்ளி நிர்வாகம் நடத்துகிற, நூற்றுச் சொச்சம் பேர் மட்டுமே படிக்கிற ஒரு மாற்று உயர்நிலைப் பள்ளியின் பெயரைச் சொல்கிறது. அதுவும் அரசுப் பள்ளிதான், கட்டணம் கிடையாது. ரேட்டிங், பத்துக்கு மூன்று.

வட கலிஃபோர்னியாவில் இருக்கும் என் தங்கை வீட்டில் இதுதான் நடந்தது. தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் என்பதால் என்னிடம் யோசனை கேட்டார்கள். அந்த மூன்றைப் பார்த்துப் பள்ளியை ஒதுக்கக் கூடாது என்பேன். சின்னப் பள்ளி என்றாலே பிள்ளையைத் தாங்கும் பள்ளி என்று நம்பிச் சேர்ப்பதும் கூடாது என்பேன். இத்தகைய பள்ளியை எடைபோட ஒரே வழிதான் உண்டு. உள்ளே போய் உட்கார வேண்டும், அங்கே படிக்கிற பிள்ளைகள் செய்து முடித்த வேலையைக் கையில் வாங்கிப் பார்க்க வேண்டும், பெரியவர்கள் அந்த வேலையைப் பற்றி என்ன பேசுகிறார்கள் என்று கேட்க வேண்டும். மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

எண்ணிலிருந்து தொடங்குகிறேன், பெற்றோர் அங்கேதான் தடுக்கி நிற்கிறார்கள். பன்னிரண்டாம் வகுப்பில் இருபது பேர் படிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பெண் உடம்புக்கு முடியாமல் படிப்பை ஐந்தாம் ஆண்டுக்குத் தள்ளிப்போட்டால், அந்தப் பள்ளியின் தேர்ச்சி விகிதம் ஒரேயடியாக 5 சதவீதம் இறங்கிவிடும். மூவாயிரம் பேர் படிக்கிற பள்ளியில் அதே பெண் கணக்கில் தென்படவே மாட்டாள். நம் ஊரில் பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்ததும் பன்னிரண்டு பேர் எழுதிப் பன்னிரண்டு பேரும் தேறிய பள்ளி நூறு சதவீதம் என்று நாளிதழில் படத்தோடு வரும். அடுத்த ஆண்டு இரண்டு பேர் தவறினால் அதே பள்ளி பட்டியலின் அடியில் கிடக்கும். இடைப்பட்ட பன்னிரண்டு மாதங்களில் அந்த ஆசிரியர்கள் மாறியிருக்க மாட்டார்கள்.

ஹோவர்ட் வெய்னர் என்ற அமெரிக்கப் புள்ளியியலாளர் இதைப் பென்சில்வேனியா மாநிலத்தின் 1,662 பள்ளிகளை வைத்துக் காட்டினார். ஐந்தாம் வகுப்பு வாசிப்புத் தேர்வில் முதல் 50 இடம் பிடித்த பள்ளிகளில் 6, அந்த மாநிலத்திலேயே மிகச் சிறிய 50 பள்ளிகளைச் சேர்ந்தவை. சாதாரணக் கணக்குப்படி ஒன்றோ இரண்டோதான் அங்கே வந்திருக்க வேண்டும். சின்னப் பள்ளியே சிறந்த பள்ளி என்று இதை வைத்துப் பேசிவிடலாம். ஆனால் கடைசி 50 இடங்களை அவர் எடுத்துப் பார்த்தபோது, அதில் 9 இடங்களை அதே சின்னப் பள்ளிகள் பிடித்திருந்தன. ஆட்கள் குறைந்தால் சராசரி மேலும் கீழும் ஆடும், அவ்வளவுதான். பதினோராம் வகுப்பு மதிப்பெண்ணை எடுத்தபோதோ பெரிய பள்ளிகள்தான் சற்று மேலே நின்றன. பல பாடங்களுக்குத் தனித்தனி ஆசிரியர் வைக்க அவற்றால் முடிகிறது என்பது அதற்கு அவர் தந்த விளக்கம்.

தேர்ச்சி விகிதத்தைக் கணக்கிடும் விதத்திலும் ஒரு சங்கடம் உண்டு. ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்த நாளிலிருந்து நான்கே ஆண்டில் முடித்தவர்களைத்தான் அமெரிக்காவின் வழக்கமான கணக்கு தேறியவர்களாக எடுத்துக்கொள்கிறது. பெரிய பள்ளியில் இரண்டாண்டு தத்தளித்து, பட்டத்துக்குச் சேர்க்க வேண்டிய பாடப் புள்ளிகளான கிரெடிட்டில் பாதியை இழந்து, பதினோராம் வகுப்பில் சின்னப் பள்ளிக்கு மாறி வருகிற பையன் அந்த நாளிலிருந்து சின்னப் பள்ளியின் கணக்கில் ஏறுகிறான். கடிகாரம் மட்டும் பழைய பள்ளியில் அவன் சேர்ந்த அன்றே ஓடத் தொடங்கிவிட்டது. அவன் ஐந்தாம் ஆண்டில் பட்டம் வாங்கினால் அது அந்தப் பள்ளியின் சாதனை, ஆனால் நான்காண்டுக் கணக்கில் அது தோல்வியாகப் பதிவாகும். நம் பிள்ளை ஒன்பதாம் வகுப்பில் நேராகச் சேரப்போகிறவள். அவளுக்கு அந்த விகிதம் சொல்லக்கூடிய சேதி மிகக் குறைவு.

எண்ணை ஒதுக்கிவைத்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வி: இந்தப் பள்ளிக்குப் பிள்ளைகள் தாமாக வருகிறார்களா, அனுப்பப்படுகிறார்களா? ஒரே 'மாற்றுப் பள்ளி' என்ற பலகையின் கீழ் இரண்டு வேறு பள்ளிகள் இருக்கின்றன. கலிஃபோர்னியாவில் 1919 முதலே 'கன்டினுவேஷன்' பள்ளிகள் நடக்கின்றன. கிரெடிட் குறைந்து பின்தங்கிய, பதினாறு வயது கடந்த பிள்ளைகளுக்கானவை அவை. வேலைக்குப் போகிறவர்களையும் மனதில் வைத்து ஏற்பட்டவை என்பதால், சட்டப்படி வாரத்துக்கு 15 மணி நேரப் படிப்பே அங்கே போதும். பல பிள்ளைகளை அவை கரைசேர்த்திருக்கின்றன, அவற்றைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. ஆனால் அவை வேறு வேலைக்கு ஏற்பட்டவை. விருப்பத்தின் பேரில் சேர்கிற, தனக்கென்று ஒரு கல்விமுறை வைத்திருக்கிற மாற்றுப் பள்ளி இன்னொரு வகை. ஊர்க்காரர்கள் பேச்சில் இரண்டும் கலந்துவிடும். 'அங்கே கெட்டுப்போன பசங்கதானே போவாங்க' என்று தங்கையின் தோழி சொன்னது இந்தக் குழப்பத்தில்தான். சேர்க்கை விதியை வாங்கிப் படித்தால் குழப்பம் தீரும். ஒன்பதாம் வகுப்பிலேயே விண்ணப்பமும் குலுக்கலும் இருந்தால் அது இரண்டாம் வகை. பள்ளிக் கவுன்சிலரின் பரிந்துரைக் கடிதத்தோடு நடு ஆண்டில்தான் சேர்க்கை என்றால் முதல் வகை.

இந்த இரண்டாம் வகைப் பள்ளிகளுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1959-இல் ஹார்வர்டின் முன்னாள் தலைவர் ஜேம்ஸ் கோனன்ட் அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளைப் பற்றி எழுதிய அறிக்கைப் புத்தகத்தில் சின்னப் பள்ளிகளை ஒழிப்பதைத் தலையாய பரிந்துரைகளில் ஒன்றாக வைத்தார். இறுதி வகுப்பில் நூறு பேராவது இல்லாத பள்ளியால் இயற்பியலோ உயர்கணிதமோ வெளிநாட்டு மொழியோ ஒழுங்காகக் கற்பிக்க முடியாது என்பது அவர் வாதம். நாடு அதைக் கேட்டது, பள்ளிகள் பெருத்தன. பெருத்த பள்ளிக்குள் பிள்ளை என்ன ஆகிறாள் என்பதை ஃபிரெட்ரிக் வைஸ்மன் 1968-இல் ஃபிலடெல்ஃபியாவின் நார்த்ஈஸ்ட் உயர்நிலைப் பள்ளியில் எடுத்த ஆவணப்படத்தில் பார்க்கலாம். செய்யாத தப்புக்குத் தண்டனையா என்று ஒரு பையன் கேட்கிறான். ஒழுங்கைக் கவனிக்கிற அதிகாரி, தப்பு செய்தாயா இல்லையா என்ற பேச்சுக்கே போகாமல், தண்டனையை ஏற்றுக்கொள்வதுதான் ஆண்மை என்று அவனைப் பணியவைக்கிறார். யாரும் யாரையும் அடிப்பதில்லை. யாரும் யாரையும் அறிந்திருக்கவுமில்லை.

அதே ஃபிலடெல்ஃபியாவில் அடுத்த ஆண்டு, 1969 பிப்ரவரியில், பார்க்வே திட்டம் என்ற அரசுப் பள்ளி தொடங்கியது. கட்டடம் கிடையாது. அருங்காட்சியகமும் அலுவலகங்களும் வகுப்பறை. சேர்க்கை, குலுக்கல். சியாட்டிலில் நோவா, மின்னசோட்டாவில் செயின்ட் பால் ஓப்பன் ஸ்கூல், நியூயார்க் மாநிலத்து இதாக்காவில் ஒரு மாற்றுப் பள்ளி என்று எழுபதுகளில் வரிசையாக வந்தன. பல மறைந்தன, சில இன்றும் நடக்கின்றன. கொலராடோவின் ஜெஃபர்சன் கவுன்ட்டி ஓப்பன் ஸ்கூலில், பிள்ளைகள் தாமே திட்டமிட்டு நிறைவேற்றுகிற ஆறு பெருஞ்செயல்கள்தான் பட்டத்துக்கு வழி. துணிகரம், தொழில் தேடல், கலை, உலகப் பார்வை, தர்க்க ஆய்வு, கைத்திறன் என்று ஆறு. முடித்தபின் மதிப்பெண் பட்டியலுக்குப் பதிலாக, தன் படிப்பைப் பற்றி மாணவியே எழுதும் நீண்ட அறிக்கை கல்லூரிக்குப் போகிறது.

இவற்றில் என்னை மிகவும் ஈர்த்தது, டெபோரா மையர் 1985-இல் நியூயார்க்கின் கிழக்கு ஹார்லமில் தொடங்கிய சென்ட்ரல் பார்க் ஈஸ்ட் உயர்நிலைப் பள்ளி. ஏழைக் கறுப்பின, லத்தீனோ குடும்பங்களின் பிள்ளைகள் படித்த அரசுப் பள்ளி. எந்தப் பாடமானாலும் ஐந்து கேள்விகளை அங்கே பழக்கினார்கள். இதற்கு என்ன சான்று, இது யாருடைய பார்வை, இது எதோடு தொடர்புடையது, வேறு மாதிரி நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும், இது யாருக்கு முக்கியம். பட்டம் பெற பதினான்கு துறைகளில் தன் வேலையைத் தொகுத்துக் காட்ட வேண்டும், அவற்றில் ஏழு துறை வேலையை ஒரு குழுவின் முன்னால் நின்று வாதாடி நிலைநிறுத்த வேண்டும். குழுவில் ஆசிரியர்கள் இருப்பார்கள், மாணவி தானே தேர்ந்துகொண்ட ஒரு பெரியவர் இருப்பார், கீழ் வகுப்பு மாணவர் ஒருவரும் இருப்பார். கீழ் வகுப்புப் பிள்ளையை அங்கே உட்காரவைத்தது எவ்வளவு பெரிய யோசனை என்று ஆசிரியையாக இருந்தவள் என்ற முறையில் எனக்குப் புரிகிறது. மூன்றாண்டு கழித்துத் தான் எங்கே நிற்க வேண்டும் என்பதை அந்தப் பிள்ளை அன்றே கண்ணால் பார்த்துவிடுகிறது.

வைஸ்மன் இந்தப் பள்ளிக்கும் கேமராவோடு போனார். 1994-இல் வந்த அந்த இரண்டாம் படம் மூன்றரை மணி நேரத்துக்கும் மேல் ஓடும். முதல் படம் ஒன்றேகால் மணி நேரம்தான். நேரமெல்லாம் எங்கே போகிறது என்றால், பேச்சில். அண்மையில் குழந்தை பெற்ற ஒரு சிறுமி பள்ளிக்குத் திரும்பி வருவதைப் பற்றி, அவளையும் குடும்பத்தையும் உட்காரவைத்துப் பேசுகிறார்கள். ஒருவர் பேசி முடிக்கும்வரை மற்றவர் காத்திருக்கிறார்கள். ஆயிரம் பேர் பள்ளியில் எனக்கு இந்த நேரம் கிடைத்ததே இல்லை. சின்னப் பள்ளி தரக்கூடிய செல்வம் இதுதான், ஒரு பிள்ளையைப் பற்றிப் பெரியவர்கள் பேசி முடிக்கிற அளவுக்கு நேரம்.

தரக்கூடிய என்று சொன்னேன், தந்தே தீரும் என்று சொல்லவில்லை. பில் கேட்ஸின் அறக்கட்டளை 2000-க்குப் பிந்தைய ஆண்டுகளில் சுமார் 200 கோடி டாலரை உயர்நிலைப் பள்ளிகளில் கொட்டியது. பெரிய பள்ளிகளை உடைத்துச் சின்னதாக்குவது அதில் முக்கியமான பகுதி. டென்வரின் மேனுவல் உயர்நிலைப் பள்ளியை 2001-இல் ஒரே கட்டடத்துக்குள் மூன்று பள்ளிகளாகப் பிரித்தார்கள். 2006-இல் மொத்தமாக மூட வேண்டிவந்தது. பல சின்னப் பள்ளிகளில் மாணவரின் கல்வி அடைவு குறிப்பிடும்படி முன்னேறவில்லை என்று 2009-இல் கேட்ஸே எழுதினார். அதே காலத்தில் நியூயார்க் நகரம், தோற்றுப்போன பெரிய பள்ளிகளை மூடிவிட்டு நூற்றுக்கு மேற்பட்ட சின்னப் பள்ளிகளைத் திறந்தது. இடம் போதாமல் குலுக்கல் நடந்த பள்ளிகளில், குலுக்கலில் வென்றவர்களையும் தோற்றவர்களையும் எம்.டி.ஆர்.சி. என்ற ஆய்வு நிறுவனம் ஒப்பிட்டது. வென்றவர்களின் தேர்ச்சி விகிதம் 6.8 சதவீதப் புள்ளி கூடுதல் என்று 2010-இல் அது கண்டது. டென்வரில் கெட்டதும் நியூயார்க்கில் வாழ்ந்ததும் சின்னப் பள்ளிதான். நியூயார்க்கில் புதுப் பள்ளி தொடங்க வந்தவர்கள், என்ன கற்பிக்கப்போகிறோம், எப்படி, யாரோடு சேர்ந்து என்று முன்கூட்டியே எழுதிக் காட்டி, போட்டியில் அனுமதி பெற்றார்கள். டென்வரில் பழைய பள்ளியையே அதே கட்டடத்துக்குள் மூன்றாக வகிர்ந்தார்கள். வேறுபாடு அங்கே இருக்கிறது என்று நினைக்கிறேன்.

ஆகவே போய்ப் பார்க்க வேண்டும். தங்கையோடும் அவள் மகளோடும் நானும் அந்தப் பள்ளிக்குப் போனேன். ஒரு காலத்தில் தொடக்கப் பள்ளியாக இருந்த தாழ்வான கட்டடம். தலைமையாசிரியரே வரலாறும் எடுக்கிறார். முதலில் பார்த்த கணித அறை எனக்குப் பிடிக்கவில்லை. ஆளுக்கொரு திரையின் முன் உட்கார்ந்து ஏதோ ஆன்லைன் பாடத்தை நகர்த்திக்கொண்டிருந்தார்கள். ஆசிரியர் அறையின் மூலையில் இருந்தார், பாடம் திரையில் இருந்தது. விட்டுப்போன கிரெடிட்டை ஈடுகட்ட இப்படிப்பட்ட மென்பொருளைப் பல மாற்றுப் பள்ளிகள் நம்பியிருக்கின்றன. நூறு பேர் பள்ளியைத் தேடி வந்துவிட்டு, கணிதத்தைத் திரையிடம் கற்பதற்கு அந்தப் பள்ளி எதற்கு? வாரத்தில் எத்தனை மணி நேரம் ஓர் ஆசிரியர் நின்று கணிதம் நடத்துகிறார் என்று தங்கை கேட்டாள். நல்ல கேள்வி. பதில் திருப்தியாக இல்லை.

அடுத்த அறையில் பன்னிரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் தன் அறிவியல் ஆய்வை நான்கு பேர் முன்னால் வைத்துக்கொண்டிருந்தான். ஊருக்குள் ஓடும் ஓடையில், மழைக்குப் பிறகு நைட்ரேட் கூடுகிறது, கோல்ஃப் மைதானத்து உரம்தான் காரணம் என்பது அவன் முடிவு. வரைபடம் அழகாக இருந்தது. குழுவில் இருந்த, நகராட்சிக் குடிநீர்ப் பிரிவுப் பொறியாளர், "மழைக்கு முன்னால் எடுத்த மாதிரி எங்கே?" என்று கேட்டார். பையன் காகிதங்களைப் புரட்டினான். இல்லை. மைதானத்துக்கு மேலே, ஓடை உள்ளே வருகிற இடத்தில் எடுத்தானா என்று ஆசிரியை கேட்டார். அதுவும் இல்லை. "அப்படியென்றால் உரம்தான் என்று எப்படித் தெரியும்?" என்றாள் குழுவில் இருந்த பத்தாம் வகுப்புச் சிறுமி. பையன் சிறிது நேரம் வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "தெரியாது, அப்படி நினைத்தேன்" என்றான். யாரும் மதிப்பெண்ணைக் குறைக்கவில்லை, யாரும் பரவாயில்லை என்று தட்டிக்கொடுத்து அனுப்பவுமில்லை. அடுத்த மழைக்கு முன்னும் பின்னும், மைதானத்துக்கு மேலும் கீழும் மாதிரி எடுத்துக்கொண்டு திரும்ப வரச் சொன்னார்கள். மழை எப்போது வரும் என்று பொறியாளரே செல்பேசியில் பார்த்துச் சொன்னார்.

அந்த அறையில் நடந்தது உண்மையான கல்வி. ரேட்டிங் கணக்கில் அது ஏற வழியே இல்லை. பிறகு நான் தலைமையாசிரியரிடம், சென்ற ஆண்டு முடித்த யாராவது ஒரு மாணவரின் கட்டுரையை முதல் வரைவோடும் கடைசி வரைவோடும் காட்ட முடியுமா, பெயரை மறைத்துவிட்டுக் கொடுத்தால் போதும் என்று கேட்டேன். சிறந்த மாணவருடையது வேண்டாம், நடுத்தரமான ஒருவருடையது என்று சொல்லிக் கேட்டேன். எந்தப் பள்ளியிலும் இதைக் கேட்கலாம். கேட்டதும் எடுத்துத் தருகிற பள்ளி, பிள்ளைகளின் வேலையைப் பாதுகாக்கிற பள்ளி. வரைவுகளுக்கு நடுவே ஆசிரியர் கைப்பட எழுதிய குறிப்பு எவ்வளவு, அதைப் படித்துப் பிள்ளை எதை மாற்றினாள் என்று பார்த்தால், அங்கே கற்பித்தல் நடக்கிறதா என்பது அரைமணி நேரத்தில் விளங்கிவிடும். எனக்குக் கிடைத்த கட்டுரையின் முதல் வரைவு இரண்டு பக்கம், கடைசி வரைவு ஒன்பது பக்கம். இடையில் ஓர் ஆசிரியர் நான்கு இடத்தில் இதற்கு என்ன சான்று என்று எழுதியிருந்தார்.

இல்லாதவற்றையும் எண்ண வேண்டும். கோனன்ட் சொன்னது பழைய வாதம்தான், ஆனால் பொய்யான வாதம் அல்ல. ஏழெட்டு ஆசிரியர்களால் எல்லாவற்றையும் கற்பிக்க முடியாது. நாங்கள் பார்த்த பள்ளியில் வேதியியல் லேப் இல்லை. கால்குலஸ் ஓராண்டு விட்டு ஓராண்டுதான். ஆர்க்கெஸ்ட்ரா கிடையாது. பள்ளியின் கையேட்டில் போட்டிருக்கும் பாடப் பட்டியலை நம்பாமல், சென்ற மூன்று ஆண்டுகளில் உண்மையாகவே நடந்த வகுப்புகளின் பட்டியலைக் கேட்டு வாங்குவது நல்லது. கலிஃபோர்னியாவில் இருக்கிறவர்களுக்கு இதில் பணம் போலவே கறாரான கணக்கு ஒன்று உண்டு. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் சேர, ஏழு பிரிவுகளில் பதினைந்து ஆண்டுப் பாடங்கள் தேறியிருக்க வேண்டும். ஆங்கிலம் நான்கு ஆண்டு, கணிதம் மூன்று, அறிவியல் இரண்டு, வேற்றுமொழி இரண்டு, வரலாறு இரண்டு, கலை ஒன்று, விருப்பப் பாடம் ஒன்று. பள்ளி நடத்தினால் மட்டும் போதாது, பல்கலைக்கழகத்தின் அங்கீகாரப் பட்டியலில் அந்தப் பாடம் இருக்க வேண்டும். 'நதியும் மனிதரும்' என்று அழகான பெயரில் ஒரு வகுப்பு நடந்து, அது பட்டியலில் இல்லையென்றால், பிள்ளைக்கு அறிவு மிஞ்சும், இடம் கிடைக்காது. பல சின்னப் பள்ளிகள் வேதியியலுக்கும் உயர்கணிதத்துக்கும் பக்கத்துக் கம்யூனிட்டி காலேஜுக்குப் பிள்ளைகளை அனுப்புகின்றன. நல்ல ஏற்பாடு. பேருந்து இருக்கிறதா, மாலை ஐந்து மணி வகுப்பிலிருந்து பதினைந்து வயதுப் பெண்ணை யார் அழைத்துவருவது என்பதையும் பேசிவிட வேண்டும்.

கற்றல் குறைபாடோ பதற்ற நோயோ உள்ள பிள்ளை என்றால் இன்னும் நேரடியாகக் கேட்க வேண்டும். அரசுப் பள்ளி என்பதால் சிறப்புக் கல்வி உதவியைச் சட்டப்படி தந்தே ஆக வேண்டும். தருகிறவர் அங்கேயே இருக்கிறாரா, வாரத்தில் ஒருநாள் வேறு பள்ளியிலிருந்து வந்து போகிறாரா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

சின்னப் பள்ளியின் ஆபத்தைப் பெற்றோர் பேசுவது குறைவு. எல்லோரும் எல்லோரையும் அறிந்த இடத்தில், தவறு நடந்தால் நம் பள்ளி, நம் ஆட்கள் என்று மூடிமறைக்கும் ஆசை வந்துவிடும். மையர் பிறகு பாஸ்டனில் 1997-இல் தொடங்கிய மிஷன் ஹில் என்ற சிறு அரசுப் பள்ளி, மழலை வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரையிலானது, நாடு முழுக்கப் புகழ்பெற்றிருந்தது. அவர் அங்கிருந்து போய் வெகுகாலம் கழித்து, பிள்ளைகள் மீதான சீண்டலும் பாலியல் துன்புறுத்தலும் பற்றிய புகார்களைப் பள்ளி முறையாகக் கையாளவில்லை என்று வெளி விசாரணை அறிக்கை ஒன்று கண்டது. 2022-இல் பாஸ்டன் பள்ளிக் குழு அந்தப் பள்ளியை மூடியது. இதை நினைக்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது. பள்ளியின் கொள்கை எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும், புகார் கொடுக்கப் பள்ளிக்கு வெளியே ஒரு வழி இருக்கிறதா, ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையை வதைத்தால் எழுத்தில் பதிவாகிறதா என்று பெற்றோர் கேட்டே ஆக வேண்டும். மூவாயிரம் பேரில் ஒரு பகையாளியைத் தவிர்க்கலாம். நூறு பேரில் அவனோடு நான்காண்டும் ஒரே மேசையில் சாப்பிட வேண்டியிருக்கும்.

நிறுவனர் போனபின் பள்ளி என்ன ஆகும் என்பதையும் பெற்றோர் கேட்க வேண்டும். மையர் விலகிய சில ஆண்டுகளில் கிழக்கு ஹார்லம் பள்ளி தன் பழைய முறையைப் பெரும்பாலும் விட்டுவிட்டு, மாநிலத் தேர்வுக்குப் படிக்கவைக்கும் சாதாரணப் பள்ளியாக மாறிப்போனது. தலைமையாசிரியர் எத்தனை ஆண்டாக இருக்கிறார், ஆசிரியர்களில் எத்தனை பேர் நான்காண்டுக்கு முன்பும் இருந்தார்கள், நிர்வாகம் இந்தப் பள்ளியின் பட்ஜெட்டை அண்மையில் குறைத்ததா என்று கேட்டால் தலைமையாசிரியருக்குக் கோபம் வராது. அவர் கவலைப்படுவதும் அதைத்தான்.

எல்லாவற்றையும் கேட்ட பிறகும் தங்கையின் கணவருக்கு ஒரு பயம் மிச்சம் இருந்தது. கல்லூரி? அமெரிக்கா இதை ஒருமுறை பெரிய அளவில் சோதித்தே பார்த்திருக்கிறது. 1930-களில் சுமார் முப்பது உயர்நிலைப் பள்ளிகளுக்கு, வழக்கமான பாடநிபந்தனை இல்லாமலே தம் மாணவர்களைக் கல்லூரிக்கு அனுப்பும் உரிமை தரப்பட்டது. அப்படிக் கல்லூரி போன 1,475 பேரை, அதே குடும்பப் பின்னணியும் திறனும் உள்ள, வழக்கமான பள்ளியில் படித்த 1,475 பேரோடு ஜோடி ஜோடியாக ஒப்பிட்டார்கள். மாற்றுமுறையில் படித்தவர்கள் கல்லூரியில் சற்று மேலாகவே செய்தார்கள். வழக்கத்திலிருந்து அதிகம் விலகிய பள்ளிகளின் பிள்ளைகள் இன்னும் நன்றாகச் செய்தார்கள். எட்டாண்டு ஆய்வு என்ற அந்த ஆய்வின் முடிவு 1942-இல் வெளிவந்தது. அமெரிக்கா அப்போது போரில் இருந்ததால் அதைப் படிக்க ஆளில்லாமல் போயிற்று. இன்றைய கல்லூரிப் போட்டியோடு அதை அப்படியே பொருத்த முடியாதுதான். ஆனாலும், பதினேழு வயதில் நான்கு பெரியவர் முன்னால் நின்று தன் ஆய்வின் ஓட்டையை ஒப்புக்கொள்ளக் கற்ற பிள்ளை கல்லூரியில் தடுமாறுவாள் என்று நம்ப எனக்குக் காரணம் தெரியவில்லை.

இவ்வளவும் பெரியவர்கள் பார்க்க வேண்டியது. தங்கை மகள் பார்த்தது வேறு. பெரிய பள்ளியில் என்ன பயம் என்று கேட்டபோது அவள் சொன்னாள்: "பெரியம்மா, அங்க நான் ஒரு வாரம் வராம இருந்தாலும் கம்ப்யூட்டர்தான் வீட்டுக்கு போன் பண்ணும்." இதில் மிகையில்லை. ரோஜர் பார்க்கரும் பால் கம்ப்பும் 1964-இல் கான்சஸ் மாநிலத்துப் பள்ளிகளைப் பற்றி வெளியிட்ட ஆய்வு இந்தப் பெண் சொன்னதை வேறு வழியில் சொல்கிறது. சின்னப் பள்ளியில் நாடகத்துக்கும் அணிக்கும் பத்திரிகைக்கும் ஆள் போதாது, அதனால் படிப்பில் பின்தங்கிய பிள்ளையையும் வா என்று கூப்பிட வேண்டியிருக்கிறது. தன்னை நம்பி ஒரு காரியம் இருக்கிறது என்ற பொறுப்பு அந்தப் பிள்ளைக்கும் வந்துவிடுகிறது. பெரிய பள்ளியில் அதே பிள்ளை பார்வையாளனாக நின்றுவிடுகிறான்.

அவளை ஒரு முழு நாள், எங்கள் யாரும் இல்லாமல், அங்கே விட்டோம். பெரும்பாலான மாற்றுப் பள்ளிகள் இதை அனுமதிக்கின்றன, அனுமதிக்காத பள்ளியை நான் சந்தேகிப்பேன். சாப்பாட்டு நேரத்தில் அவள் பிள்ளைகளிடம் கேட்ட கேள்வி எனக்குத் தோன்றாத ஒன்று. இங்கே பிடிக்காமல் திரும்பிப் போனவர்கள் ஏன் போனார்கள்? ஒருத்தி நீச்சல் அணிக்காகப் போனாளாம். ஒருவன், யாரும் விரட்டாவிட்டால் தான் எதையும் முடிப்பதில்லை என்று கண்டுகொண்டு போனானாம். அந்த இரண்டாவது பதிலைச் சொல்லிவிட்டு, "நானும் அப்படித்தானோன்னு பயமா இருக்கு" என்றாள். தன்னைப் பற்றி அவள் அவ்வளவு நேராகப் பேசி அதுவரை நான் கேட்டதில்லை.

குலுக்கலுக்குப் பெயர் கொடுத்திருக்கிறார்கள். முடிவு வசந்தத்தில் தெரியும், பெரிய பள்ளியில் அவளுடைய இடம் அதுவரை அப்படியே இருக்கும். கணிதத்தைக் கம்யூனிட்டி காலேஜில் எடுக்க முடியுமா என்று தங்கை விசாரித்துக்கொண்டிருக்கிறாள். நான் ஊர் திரும்புமுன் பெரிய பள்ளியின் கவுன்சிலரிடமும் ஒரு கேள்வியை எழுத்தில் கேட்டு வாங்கச் சொன்னேன். பத்தாம் வகுப்பின் நடுவில் பிள்ளை திரும்பி வர நேர்ந்தால், சின்னப் பள்ளியில் எடுத்த பாடங்களில் எவற்றுக்குக் கிரெடிட் தருவீர்கள், எவற்றுக்குத் தர மாட்டீர்கள்? பதில் பாடவாரியாக வர வேண்டும் என்றும் சேர்த்து எழுதச் சொன்னேன்.